மழை இரவும் மாத்திரை அட்டையும்: பேரதிர்ச்சிக்குப் பின் பதற்றத் தணிப்பு மருந்துகள்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓராண்டு முழுவதும் நம் மாவட்டத்தில் பெய்யும் சராசரி மழையை விஞ்சிய அளவு ஒரே நாளில் இவ்வூரின் மீது இறங்கியது. தாமிரபரணி கரை கடந்தது; குளங்கள் உடைந்தன; சாலைகள் துண்டிக்கப்பட்டன; மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. பின்னர் நீர் வடிந்தது. வீடுகள் கழுவப்பட்டன. சுவரில் நின்ற நீர்க்கோடும் வெள்ளையடிப்பில் மறைந்தது.

ஆனால் சிலருக்கு அன்று போன உறக்கம் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. ஐப்பசி பிறந்து வானம் இருண்டால் நெஞ்சு படபடக்கிறது. ஓட்டின் மீது மழை விழும் ஓசை கேட்டதும் எழுந்து வாசலில் நீர் ஏறுகிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது. இத்தகையோர் வீடுகளில் பெரும்பாலும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றும் இருக்கும். எவரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது. அல்லது உறவினர் ஒருவர், "எனக்கு இது நன்றாகக் கேட்டது" என்று தந்தது. பருவமழைக் காலத்தில் அந்த அட்டையைத் தேடி எடுக்கும் குடும்பங்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். அந்த மாத்திரையைத் தாமாக எடுத்து உண்ணத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே நாள்தோறும் உண்டு வருபவர் எனில், இக்கட்டுரையைப் படித்துவிட்டு அதைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். முதலாவதைவிட இரண்டாவது தவறு உடனடி ஆபத்து மிகுந்தது.

அச்சம் நோயாவது எப்போது?

உயிருக்கு ஆபத்து நேர்ந்த ஒருவர் அடுத்த சில நாள்களில் உறங்காமல் இருப்பதும், திடுக்கிடுவதும், அழுவதும் நோயல்ல. உடலும் மனமும் தம் வேலையைச் செய்கின்றன என்பதற்கே அவை அடையாளம். பெரும்பாலோருக்கு இவை எந்த மருந்தும் இன்றிச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதுதான் மருத்துவர்கள் அதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கின்றனர். ஆங்கிலச் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என்று மருத்துவச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டு இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் இவ்வகைப் பாதிப்பை 'மனவடு' என்ற சொல்லால் குறிக்கின்றனர். போரையும் கடற்கோளையும் அடுத்தடுத்துக் கண்டவர்களிடையே பணியாற்றியோர் வழங்கிய சொல் இது. புண் ஆறினாலும் தடம் நிற்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது என்றே எண்ணுகிறோம்.

இந்நோயில் நடந்தது நினைவாக வருவதில்லை. மீண்டும் இப்போது நடப்பதாகவே வருகிறது. கனவிலும் வரும், விழிப்பிலும் வரும். அதனால் நோயாளி அதை நினைவூட்டும் எதையும் தவிர்க்கிறார்: அந்தத் தெரு, அந்த அறை, அந்தப் பேச்சு. சிரிப்பும் பாசமும் மங்கிப்போனதாக வீட்டார் உணர்கின்றனர். சிறு ஓசைக்கும் அவர் துள்ளி எழுகிறார். எளிதில் சினம் கொள்கிறார். வெள்ளம் மட்டுமே இதற்குக் காரணம் என்பதில்லை. சாலை விபத்து, கடலில் படகு கவிழ்ந்து மீண்டது, வீட்டிற்குள் நிகழும் வன்முறை, உயிர் ஊசலாடிய பேறுகாலம், தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்த நாள்கள் ஆகியவையும் இவ்வடுவை விட்டுச் செல்லக்கூடும்.

மாத்திரை என்ன செய்கிறது?

நாம் 'தூக்க மாத்திரை' என்றும் 'நரம்பு மாத்திரை' என்றும் சொல்பவற்றுள் பல, பென்சோடயசிபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குளோர்டயசிபாக்சைடு 1960இல் விற்பனைக்கு வந்தது. டயசிபாம் 1963இல் வந்தது. இன்று நம் பகுதி மருந்துக் கடைகளில் மிகுதியாகக் கேட்கப்படுபவை அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசிபாம் ஆகியன. எட்டிசோலம் என்பது வேதியியல் அமைப்பில் சற்று வேறானது. செயலில் இவற்றின் உடன்பிறப்பே.

மூளையில் நரம்பணுக்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருள் இயல்பாகவே சுரக்கிறது. இம்மருந்துகள் அதன் விளைவைப் பெருக்குகின்றன. எனவே அரை மணியிலோ ஒரு மணியிலோ தசை தளர்கிறது, படபடப்பு அடங்குகிறது, கண் செருகுகிறது. வலிப்பை நிறுத்தவும், மதுவை விடும்போது ஏற்படும் நடுக்கத்தைத் தணிக்கவும், அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்தவும் இவற்றுக்கு ஈடான மருந்துகள் சிலவே. எங்கள் அவசரப் பிரிவிலும் இவை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளன. தீய மருந்துகள் என்று நாங்கள் சொல்லவரவில்லை.

மாத்திரை உறையின் மேலுள்ள எண்ணைப் பற்றியும் ஒரு சொல். காய்ச்சல் மாத்திரையில் 500 என்றும் இதில் 0.5 என்றும் கண்டு, "இது சிறு மாத்திரைதானே" என்று கருதுவோர் உண்டு. எண் சிறியதாக இருப்பது மருந்தின் வலிமையைக் காட்டுகிறதேயன்றி மென்மையை அன்று.

இந்நோய்க்கு ஏன் பொருந்துவதில்லை?

அச்சத்தை மூளை கற்றுக்கொள்கிறது. அதைக் கைவிடவும் மூளை கற்றுக்கொள்ள வேண்டும். இக்கருத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

வெள்ளத்தில் சிக்கிய பெண்மணி ஒருவரை எண்ணிக்கொள்வோம். அடுத்த ஆண்டு மழை வருகிறது, அஞ்சுகிறார், ஆனாலும் மக்களோடு அமர்ந்திருக்கிறார். மழை ஓய்கிறது. வீட்டிற்குள் நீர் வரவில்லை. இவ்வாறு நாலைந்து மழைகள் கடந்தால், 'எல்லா மழையும் அந்த மழை அன்று' என்பதை மூளை தானாகவே எழுதிக்கொள்கிறது. மாறாக, மேகம் திரண்டதும் ஒரு மாத்திரையை உண்டு உறங்கிவிடுகிறார் என்று கொள்வோம். விழித்தெழும்போது மூளை எழுதிக்கொள்வது வேறு: 'மாத்திரை இருந்ததால் பிழைத்தேன்.' அச்சம் குறையவில்லை. அதோடு மாத்திரை இல்லையே என்னும் இரண்டாவது அச்சமும் சேர்ந்துகொண்டது. மேலும் இம்மருந்துகள் புதியனவற்றை நினைவில் பதிக்கும் ஆற்றலையே மங்கச் செய்கின்றன. உறக்கத்தைத் தந்தாலும், ஆழ்ந்த உறக்கத்தையும் கனவுறக்கத்தையும் குறைக்கின்றன. நிறுத்திய நாளில் தீக்கனவுகள் முன்னிலும் மிகுந்து திரும்புவது இதனாலேயே.

இது வெறும் ஊகமன்று. 1996இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பேரதிர்ச்சிக்கு உள்ளான சில நாள்களிலேயே 13 பேருக்குக் குளோனசெபாம் அல்லது அல்பிரசோலம் அளிக்கப்பட்டது. அவர்களையொத்த வேறு 13 பேருக்கு அளிக்கப்படவில்லை. ஆறு மாதம் கழித்து, மருந்து உண்டோரில் 9 பேருக்கு இந்நோய் இருந்தது; உண்ணாதோரில் அதைவிடக் குறைவானோருக்கே இருந்தது. மிகச் சிறிய ஆய்வு. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. ஆனால் 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 18 ஆய்வுகளில் இடம்பெற்ற 5,000க்கும் மேற்பட்டோரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, அதே திசையைத்தான் காட்டியது. பேரதிர்ச்சி நிகழ்ந்த முதல் மாதத்தில், பதற்ற அறிகுறிகளுக்காகவோ உறக்கமின்மைக்காகவோ பெரியவர்களுக்குப் பென்சோடயசிபைன்களை அளிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியுள்ளது. போரிலிருந்து திரும்பிய படைவீரர்களை நெடுங்காலமாகக் கவனித்துவரும் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இந்நோய்க்கு இம்மருந்துகளைப் பயன்படுத்துவதற்கு எதிராகவே பரிந்துரைக்கிறது.

சிறுவர்களுக்கு வீட்டில் இருக்கும் இம்மாத்திரையை உடைத்துக் கால் பங்கு கொடுப்பதை எந்தச் சூழலிலும் செய்யலாகாது. வெள்ளத்திற்குப் பின் தாயை விட்டு அகலாத பிள்ளைக்கும், படுக்கையை நனைக்கும் பிள்ளைக்கும் தேவை மாத்திரை அன்று. பக்கத்தில் ஒரு பெரியவரின் படுக்கை, வழக்கமான பள்ளி, வழக்கமான விளையாட்டு.

இடர்கள்

பழக்கமாகிவிடுதல் என்பதே முதல் இடர். நாள்தோறும் சில வாரங்கள் உண்டாலே மூளை இம்மருந்துக்குத் தன்னை ஒழுங்கு செய்துகொள்கிறது. அதே அளவு பிறகு போதுவதில்லை. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இலேயே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஆயினும் நான்கு வாரங்களுக்கு எழுதப்பட்ட சீட்டு நான்கு ஆண்டுகள் பயன்படுவது நம் நாட்டில் அரிதன்று.

முதியோருக்கு இது இன்னும் பெரிய இடர். நள்ளிரவில் கழிப்பறைக்கு எழும்போது தலை சுற்றி விழுகின்றனர், இடுப்பெலும்பு முறிகிறது. மறதி கூடினால் வயதின் காரணம் என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். பல வேளைகளில் அது மாத்திரையின் காரணம். ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர்க்கும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் அளவுக்குக் குறட்டை விடுவோர்க்கும் மூச்சு மேலும் தளரும். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, மது ஆகிய இவற்றோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் ஓபியாய்டு வலிநிவாரணிகளுடன் சேர்வது குறித்தும், 2020இல் பழக்க அடிமை குறித்தும் மிகக் கடுமையான எச்சரிக்கைகளை மருந்து உறையின் தகவல் தாளில் அச்சிடப் பணித்தது. சூலுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

இரவு உண்ட மாத்திரை காலையில் தீர்ந்துவிடுவதில்லை. குளோனசெபாமின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 முதல் 40 மணி நேரம் ஆகும். அதிகாலையில் சிங்கித்துறையிலும் கொம்புத்துறையிலும் கடலுக்குச் செல்வோரும், திருச்செந்தூர்ச் சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டுவோரும் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஏற்கெனவே உண்டு வருவோர்க்கு

இப்பகுதியைப் பராமரிப்பாளர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

நாள்தோறும் உண்ட மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, நடுக்கம், வியர்வை, கடும் பதற்றம், சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம். வலிப்பு உயிரைக் குடிக்கவும் கூடும். அல்பிரசோலம் போல் விரைந்து வெளியேறும் மருந்துகளில் இத்தொல்லை ஓரிரு நாள்களிலேயே தொடங்கிவிடும். வீட்டார் இதைக் கண்டு, "பழைய நோய் திரும்பிவிட்டது, இம்மாத்திரை இல்லாமல் முடியாது" என்று முடிவு செய்கின்றனர். திரும்பியது நோயன்று, மருந்து விலகும் தொல்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

எனவே குறைப்பது மெதுவாகவே நடக்கவேண்டும். பொதுவாக, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு என்ற அளவில் குறைப்பதே தற்போதைய நெறி. நெடுநாள் உண்டவருக்கு இது பல மாதங்கள் ஆகலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நடுவில் ஒரு படியில் தங்கி நிற்கவும் நேரிடும். பருவமழை உச்சத்தில் இருக்கும் கார்த்திகையில் குறைப்பைத் தொடங்குவதைவிட, தை பிறந்த பின் தொடங்குவது வெள்ள அச்சம் உடையோர்க்கு எளிது என்பது எங்கள் கருத்து.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் மட்டும் மிகுதியாகக் காணும் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். எஸ்சிட்டலோப்ராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. அமிட்ரிப்டிலினும் குளோர்டயசிபாக்சைடும் அவ்வாறே. முன்னது நெடுநாள் தேவைப்படலாம், பின்னதைக் குறைக்கவேண்டும். ஒரே மாத்திரையில் இருப்பதால் ஒன்றை மட்டும் குறைக்க இயலாது. உறையில் இரண்டு பெயர்கள் இருப்பின் அதை எங்களுக்குக் காட்டுங்கள். தனித்தனி மாத்திரைகளாகப் பிரித்து எழுதித் தருவோம்.

நோன்பு மாதத்தில் பகலில் உண்ணும் மாத்திரையைச் சிலர் தாமாகவே விட்டுவிடுகின்றனர். சஹர் நேரத்திற்கும் நோன்பு துறக்கும் நேரத்திற்கும் மாற்றிக்கொள்ளப் பல மருந்துகளில் வழி உண்டு. ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே வந்து கேட்டால் ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

வெள்ளக் காலத்திற்கு என்று தனியாக ஓர் எச்சரிக்கை. 2023இல் சாலைகள் துண்டிக்கப்பட்டபோது, மருந்து தீர்ந்தும் கடைக்குச் செல்ல முடியாத நிலை பலருக்கும் நேர்ந்தது. நாள்தோறும் இம்மருந்தை உண்போர் வீட்டில், பருவமழைக் காலத்தில் பத்து நாளுக்குரிய மாத்திரைகளும் மருந்துச் சீட்டின் நகலும் நீர் புகாத உறையில் இருக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் நோயாளிக்கு எப்போதேனும் தோன்றியிருந்தால் அவ்வுறை வேறொருவர் பொறுப்பில், பூட்டிய இடத்தில் இருக்கவேண்டும்.

பயன் தரும் சிகிச்சை

இந்நோய்க்கு மிகுந்த சான்றுடைய சிகிச்சை, பேச்சின் வழி நடப்பதே. பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையுடன், நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் முறை இது. பெரும்பாலும் 8 முதல் 16 அமர்வுகள் தேவைப்படும். கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்னும் முறையும் உண்டு. முதல் சில அமர்வுகளில் மனம் சற்றுக் கூடுதலாகக் கலங்கும். அவ்வேளையில்தான் பலர் வராமல் நின்றுவிடுகின்றனர். வீட்டார் உடன் வந்து வெளியே அமர்ந்திருப்பதே அப்போது பெரிய உதவி.

மருந்து வேண்டுமெனில் செர்ட்ரலின், பராக்ஸெடின், வென்லாபாக்சின் ஆகியவை முதல் நிலையில் உள்ளவை. இவை அரை மணியில் வேலை செய்வதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொடக்க நாள்களில் குமட்டலும் சிறிது கூடுதல் பதற்றமும் ஏற்படலாம். அந்த இடைவெளியைக் கடக்க மருத்துவர் சிலருக்குப் பென்சோடயசிபைன் ஒன்றைச் சில நாள்களுக்கு மட்டும் எழுதக்கூடும். அவ்வாறு எழுதினால் நிறுத்தும் நாளையும் அப்போதே கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது.

மழை இரவில் அச்சம் எழும்போது வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. "ஒன்றும் இல்லை, சும்மா இரு" என்பது பயன்படாது. விளக்கை ஏற்றுங்கள். இது எந்த ஆண்டு, எந்த நாள், யார் யார் அருகில் இருக்கிறார்கள் என்பதை மெல்லச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கால்களைத் தரையில் ஊன்றி, மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கி, சில நிமிடங்கள் உடன் அமர்ந்திருங்கள். நம் ஊரில் மகள் திருமணத்திற்குப் பின்னும் தாய் வீட்டிலேயே வாழும் வழக்கம் இருப்பதால், இரவில் உடன் அமர ஒருவரேனும் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறார்கள். மருத்துவர்களாகிய எங்களால் எழுதித் தர இயலாத உதவி அது.

கடையிலும் பயணத்திலும்

அல்பிரசோலம், டயசிபாம் ஆகியவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலைச் சேர்ந்தவை. மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது. விற்பவர் மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். அவர் தம் கடமையைச் செய்கிறார். வெளிநாட்டில் பணிபுரியும் கணவருக்கோ மகனுக்கோ இம்மாத்திரைகளை எவர் கையிலாவது கொடுத்தனுப்புவது பெரும் தொல்லையில் முடியலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். பயணி தமக்கெனக் கொண்டு செல்வதற்கே அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும்.

எங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், தீர்ந்த உறைகள் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எத்தனை நாளாக, எந்நேரத்தில், எத்தனை உண்கிறார் என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். பிறரிடம் வாங்கி உண்டதையும் மறைக்க வேண்டாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. நள்ளிரவில் பேச எவரும் இல்லையெனில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்; கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரையை நிறுத்தியபின் வலிப்பு வந்தாலோ, அளவுக்கு மீறி உண்டு எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உண்ட மாத்திரையின் உறையையும் உடன் அனுப்புங்கள்.